கல் வீட்டுக்குக் குடிபோகும் மகனுக்கு

கதிர் கண்ணு,

இதை நீ மெதுவாகத்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அழுதுகொண்டே கற்ற எழுத்துகள் உனக்கு இன்னும் மறக்கவில்லை என்றும் தெரியும். "இங்கிலீஷ்லயே எழுதிரு, அவனுக்குச் சுலபமா இருக்கும்" என்று அப்பா சொன்னார். ஆங்கிலத்தில் நான் வாழ்நாள் முழுவதும் எழுதியதெல்லாம் பாலங்களைப் பற்றிய அறிக்கைகள். எந்தத் தூணில் துரு ஏறியிருக்கிறது, எந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று எழுதிப் பழகிய கை. அந்த மொழியில் உனக்கு எழுதினால் இதுவும் ஓர் ஆய்வறிக்கையாகிவிடும். நேரில் பேசலாம் என்றால் நான் வாயைத் திறந்ததுமே "அம்மா, ரிலாக்ஸ்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் பெட்டிகளெல்லாம் கராஜில் இருக்கின்றன. அப்பா ஒவ்வொன்றாக எடை பார்த்து, கூடுதலாக இருப்பதில் இருந்து எடுத்துக் குறைவாக இருப்பதில் வைத்து, மறுபடியும் எடை பார்த்துக்கொண்டிருக்கிறார். அறுவை சிகிச்சை செய்த முழங்காலோடு எதற்குக் குனிகிறீர்கள் என்று கேட்டால், "எனக்கும் கைக்கு ஒரு வேலை வேணுமில்ல?" என்கிறார். அவருக்கு எடை பார்க்கும் தராசு, எனக்கு இந்தக் கடிதம். நாளை சாயங்காலம் நியூவர்க்கில் நீயும் டேனியெலாவும் விமானம் ஏறிவிடுவீர்கள்.

போன வாரம் கோயிலில் ஒரு அம்மா கேட்டார்கள், "பையன் இத்தாலி போறானாமே, ஆபீஸ்ல டிரான்ஸ்ஃபரா?" என்று. "இல்லைங்க, மருமகளோட பூர்வீக வீடு ஒன்னு மலை மேல இருக்குது. அங்கயே குடியிருந்து, வீட்டுல இருந்தே ஆபீஸ் வேலை பார்த்துட்டு, ஆலிவ் தோட்டத்தையும் பார்த்துக்கப் போறாங்க" என்றேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரியாயிரும், கவலைப்படாதீங்க" என்றார்கள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நான் சொன்னதுபோல. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

டேனியெலாவை நீ முதன்முதலில் அழைத்து வந்தபோது எனக்கு இத்தனை பயம் இருந்ததில்லை. அவள் அப்பா ஃபிராங்கைப் பார்த்த பிறகு இருந்த கொஞ்சமும் போய்விட்டது. மனைவியை இழந்தவர், ஊரெங்கும் சமையலறைகளுக்கும் குளியலறைகளுக்கும் டைல்ஸ் ஒட்டி மகளை வளர்த்தவர். நாங்கள் முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனது குளிர்காலத்தின் தொடக்கத்தில். பின்பக்கத் தோட்டத்தில் ஒரு ஆள் பழைய கம்பளங்களையும் சாக்கையும் சுற்றிக்கொண்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து நிற்பதுபோல் ஏதோ தெரிந்தது. "அது என்ன?" என்று அப்பா கேட்டார். "அத்தி மரம்" என்றார் ஃபிராங்க். "என் தாத்தா ஊரிலிருந்து கொண்டுவந்த கிளையிலிருந்து வந்தது. இந்த ஊர்ப் பனியில் செத்துவிடும். அதற்குக் கோட்டு போட்டுவிட்டிருக்கிறேன்." காரில் திரும்பும்போது அப்பா சொன்னார், "மரத்தையே இப்படிப் பார்த்துக்கிறவர், புள்ளைய எப்படி வளர்த்திருப்பார்." சம்பந்தம் அன்றைக்கே முடிவாகிவிட்டது. உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மாதங்களில் அவர் வீட்டுக் கராஜில் தக்காளிச் சாறு காய்ச்சுவார்களே, அதில் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கூடை கூடையாகத் தக்காளி. ஒருவர் கழுவ, ஒருவர் அரைக்க, ஒருவர் பாட்டிலில் நிரப்ப, ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு துளசி இலை. நம் துளசி இல்லை, அவர்களுடைய துளசி. வேலை செய்யும்போது ஃபிராங்க் தன் தாத்தாவின் மொழியில் பேசுவார். அதை இத்தாலியம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஃபிராங்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன அக்டோபரில் ஐந்து பேரும் அந்தத் தாத்தாவின் ஊருக்குப் போனோமே, அப்போது நடந்ததை உன்னிடம் நான் இதுவரை முழுதாகச் சொல்லவில்லை. நீ பார்த்தது பாதி. மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ரோமில் இறங்கி, கார் எடுத்து, கிழக்கே மலைகளுக்குள் போகப் போக, அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து "என்ன அழகு, என்ன அழகு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. சரிவு முழுவதும் வெள்ளிப் பச்சையில் ஆலிவ் மரங்கள், அவற்றுக்கு மேலே மலை முகட்டை ஒட்டிக்கொண்டு கல் வீடுகள், நடுவில் ஒரு மணிக்கூண்டு. ஊருக்குள் நடந்தபோதுதான் தெரிந்தது, பாதிக் கதவுகளில் பூட்டு. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் அநேகமாக அப்பா வயதைத் தாண்டியவர்கள். ஆனால் ஒருவர்கூட நமக்கு வணக்கம் சொல்லாமல் போகவில்லை. காலையில் பார்த்தவரே மதியமும் சொன்னார், சாயங்காலமும் சொன்னார். நீ அங்கே போனதும் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது அதுதான். தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு யாரையும் கடந்து போகாதே. உனக்கு ஏதாவது ஒன்று என்றால் முதலில் ஓடிவரப் போகிறவர்கள் அவர்கள்தான்.

அந்த வீட்டு வாசலில் ஃபிராங்க் என்ன செய்தார் என்று உனக்கு நினைவிருக்கும். கதவில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். டேனியெலா அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? முன்சுவரை. தெருவைப் பார்த்த அந்தச் சுவர், பக்கச் சுவர்களைவிட்டு மெல்ல வெளியே சாய்ந்திருந்தது. மூலையில் மேலே போகப் போக அகலமாகும் ஒரு பிளவு. மாடியில் அதற்குள் என் விரல்கள் நுழைந்தன. உருண்டைக் கற்களைச் சுண்ணாம்பில் அடுக்கிக் கட்டிய சுவர். சுண்ணாம்பு மாவாகியிருந்தது, தொட்டால் உதிர்ந்தது.

அண்டை வீடுகளைப் பார்த்தேன். பெரும்பாலான வீடுகளின் சுவரில், மாடித் தரையின் உயரத்தில், இரும்புத் தகடுகள் பதிந்திருந்தன. சிலது பெருக்கல் குறி மாதிரி, சிலது வட்டமாக. அழகுக்கு வைத்தவை இல்லை. வீட்டின் ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் உள்ளே இரும்புக் கம்பி ஓடும். அதன் இரண்டு முனையையும் இந்தத் தகடுகள் வெளியிலிருந்து பிடித்துக்கொள்ளும். பூமி ஆடும்போது சுவர்கள் ஆளுக்கொரு பக்கம் போகாமல் கட்டி நிறுத்தும். அந்த ஊரில் அதைச் சங்கிலி என்றுதான் சொல்கிறார்கள். நிலம் ஆடும் நாடு அது. தலைமுறை தலைமுறையாக ஆடி ஆடி, விழுந்ததைத் திரும்பக் கட்டிக் கட்டி, அவர்கள் கற்றுக்கொண்டது அது. ஃபிராங்கின் தாத்தா கதவைச் சாத்திவிட்டுக் கப்பலேறிப் போன வீட்டுக்கு அதைச் செய்ய யாரும் இருக்கவில்லை.

"இந்த வீட்ல யாரும் படுக்கக் கூடாது" என்று நான் சொன்னேன். அதைச் சொன்ன நேரம் சரியில்லை என்று எனக்கே தெரியும். ஃபிராங்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "என் தாத்தா மாடி அறையில் பிறந்தவர். இத்தனை காலம் நின்ற வீடு, இன்றைக்கு நான் வந்தேன் என்பதற்காகவா விழப்போகிறது?" என்றார். நான் விடவில்லை. பிளவைக் காட்டினேன், சுண்ணாம்பை விரலில் தேய்த்துக் காட்டினேன். அப்பா, "விடு, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அதற்கும் விடவில்லை. அப்போது நீ ஆங்கிலத்தில் சொன்னாய், "ஒரு தடவையாவது உன்னால் சந்தோஷமாக இருக்க முடியாதா, அம்மா?" என்று.

அது எனக்கு வலித்தது, கதிர். உன்மேல் கோபம் இல்லை. நீ சொன்னது நியாயமான கேள்விதான். நீ டே கேரில் முதல் நாள் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாய். நான் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து, அந்தக் கட்டடத்துக்கு அவசர வழி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ டிரைவிங் கற்றபோது ஃப்ரீவேயில் பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதித்தேன். என் சுபாவம் அது. எங்கே உடையும் என்று பார்ப்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கண்ணைக் கழற்றிவைக்க எனக்குத் தெரியவில்லை.

என் அப்பாவிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது, அமெரிக்காவில் வீடுகளை மரத்தால் கட்டுகிறார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். திருப்பூரிலிருந்து ஒவ்வொரு போனிலும், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "அடுப்ப அணைச்சியா சாமி?" என்று கேட்பார். "அப்பா, இங்க கரண்ட் அடுப்பு" என்று சிரிப்பேன். "எதுவா இருந்தாலும் அணைச்சிட்டுப் படு" என்பார். கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கடைசி வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சரி, அந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். நீங்கள் மூன்று பேரும் அந்த வீட்டிலேயே படுப்பதென்று பிடிவாதமாக இருந்துவிட்டீர்கள். நான் அப்பாவை இழுத்துக்கொண்டு, ஊர்ச் சதுக்கத்தில் காபிக் கடை நடத்தும் அசுந்தாவின் மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். அசுந்தா என் வயதுக்காரி. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு இத்தாலியம் தெரியாது. எனக்குச் சுவரைப் பற்றிக் கவலை என்று சைகையிலேயே புரிந்துகொண்டாள். தன் அறைக் கதவின் பின்னால் மாட்டியிருந்த ஒரு பையைத் திறந்து காட்டினாள். மாத்திரை, டார்ச், ஒரு ஸ்வெட்டர், தண்ணீர். கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி ஷூ, செருப்பு இல்லை. உடைந்த கண்ணாடிமேல் நடக்க வேண்டியிருக்கும் என்று காலைத் தூக்கி நடித்துக் காட்டினாள். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு எனக்குக் காபி போட்டாள். பயமும் காபியும் ஒரே மேசையில் இருக்கும் ஊர் அது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஃபிராங்குக்கு அந்த ஊர் வேறொரு விதத்தில் ஏமாற்றம் தந்துகொண்டிருந்தது. கடையில், மருந்தகத்தில், இளைஞர்களிடம் அவர் தாத்தாவின் மொழியில் பேசினார். அவர்களுக்குப் பாதி புரியவில்லை. மரியாதையாகச் சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். அது அந்த மலைப் பக்கத்து வட்டார மொழி, அதுவும் ரொம்பப் பழையது என்று, பயணத்துக்காக இத்தாலியம் கற்றிருந்த டேனியெலா விசாரித்துச் சொன்னாள். நியூ ஜெர்சியில் வாழ்நாள் முழுவதும் "நான் இத்தாலியன்" என்று சொல்லிக்கொண்டு இருந்தவர், சொந்த ஊருக்கு வந்து அமெரிக்கராக நின்றார். சுவரைப் பற்றிப் பேசி நானும் என் பங்குக்கு அவரை வருத்தியிருந்தேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, முற்பகல். நீயும் டேனியெலாவும் அப்பாவும் ஆலிவ் பறிக்கப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் போய்விட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. நான் அசுந்தாவின் கடையில் உட்கார்ந்திருந்தேன். அலமாரியில் இருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம் முதலில் கேட்டது. தெருவில் லாரி போகிறது என்று நினைத்தேன். அந்தத் தெருவில் லாரி நுழையவே முடியாது என்று தோன்றுவதற்குள் அசுந்தா என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள். காலுக்குக் கீழே தரை ஒரு பக்கமாக நழுவித் திரும்பி வந்தது. அவ்வளவுதான். பெரிய நிலநடுக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. கதவுகள் திறந்தன, சனங்கள் ஒருவர் பின் ஒருவராகச் சதுக்கத்துக்கு வந்தார்கள். யாரும் கத்தவில்லை. ஒரு கிழவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்து நடுவில் போட்டு உட்கார்ந்தார். யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள்.

நான் ஓடினேன். என் வயதில் அந்த மேட்டுத் தெருவில் ஓடக் கூடாதுதான். வழியெல்லாம் உன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போனேன் என்று பிறகு அசுந்தா டேனியெலாவிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது நினைவில்லை. வீட்டு வாசலில் புழுதி மிதந்துகொண்டிருந்தது. முன்சுவர் விழவில்லை. ஆனால் உள்ளே மாடிப்படிக்கு மேலிருந்த கற்கள் சரிந்து படியை மூடியிருந்தன. "கதிர்!" என்றேன். மேலேயிருந்து ஃபிராங்கின் குரல் வந்தது. "அவர்கள் ஆலிவ் தோட்டத்தில் இருக்கிறார்கள். நான் மட்டும்தான்."

நான் மட்டும்தான். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அந்த மனுஷன் மேலே மாட்டிக்கொண்டு நிற்கிறார், எனக்கோ நெஞ்சு குளிர்ந்தது. அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்குப் பிறகு சொல்ல வாய்க்காது. அந்த ஒரு கணத்தில், இனி நீங்கள் இங்கே குடிவர மாட்டீர்கள் என்று நினைத்தேன். நிலம் ஆடியதற்கு நான் சந்தோஷப்பட்டேன், கதிர். ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் பட்டேன்.

ஃபிராங்க் கற்கள்மேல் ஏறிப் படி வழியாகவே இறங்கப் பார்த்தார். கற்கள் உருளும் சத்தம் கேட்டது. "அங்கேயே நில்லுங்கள்" என்று கத்தினேன். பாலத்தடியில் ஆட்களை வேலை வாங்கிய குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. படியை ஒட்டிய சுவரைத் தொடாதீர்கள், தெருப் பக்கம் வராதீர்கள், பின்னால் இரண்டு சுவர் சேரும் மூலை இருக்கிறதே, அங்கே ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள் என்றேன். "இந்தத் தரை தாங்குமா?" என்று கேட்டார். அவர் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. "ஓரமாக, சுவரைத் தொட்டுக்கொண்டே நடங்கள். தாங்கும்" என்றேன். தாங்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதற்குள் பின்னாலேயே வந்த அசுந்தா இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, ஆலிவ் பறிக்கும் ஏணியைக் கொண்டுவரச் செய்துவிட்டாள். வீட்டுப் பின்பக்கம் சரிவில் அதைச் சாத்திப் பிடித்துக்கொண்டார்கள். ஃபிராங்க் ஜன்னல் வழியாக ஒரு காலை வெளியே போட்டார். அந்தக் கால் ஏணிப்படியைத் தேடித் துழாவியதை இன்றைக்கும் கண் முன்னால் பார்க்கிறேன்.

நீங்கள் மூச்சிரைக்க ஓடிவந்தது அதற்குப் பிறகுதான். தோட்டத்தில் உங்களுக்கு அது சரியாகத் தெரியக்கூட இல்லை, மணிக்கூண்டில் மணியடித்த பிறகுதான் புரிந்தது என்றாய். டேனியெலா ஃபிராங்கைக் கட்டிக்கொண்டாள். நீ என்னைப் பார்த்தாய். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஃபிராங்கின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். கல்யாணம் ஆனவன் நீ. அந்த வார்த்தையை விழுங்கக் கற்றுக்கொள். டேனியெலா சொல்வது தப்பாகப் போகும் நாளும் வரும். அன்றைக்கு உதவும்.

சதுக்கத்தில் ஃபிராங்கை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதிர்ச்சியில் அவருக்கு ஆங்கிலமே வரவில்லை. தாத்தாவின் பேச்சில் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது நாற்காலியோடு வந்திருந்த அந்தக் கிழவர் தலையை நிமிர்த்தினார். ஏதோ கேட்டார். ஃபிராங்க் பதில் சொன்னார். இன்னொரு கிழவர் நெருங்கி வந்தார். கொஞ்ச நேரத்தில் நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, அதே பழைய பேச்சில் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். "என்ன சொல்றாங்க?" என்று டேனியெலாவைக் கேட்டேன். "எனக்கும் சரியாகப் புரியவில்லை, அம்மா" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். "எங்கள் கொள்ளுத்தாத்தாவை ஊரில் என்ன பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்கிறார்கள்."

மறுநாள் ஃபிராங்க் என்னைத் தேடி வந்தார். கடை வாசலில் என் எதிரில் உட்கார்ந்து, "அந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்" என்றார். இதை விற்றுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு அது நல்ல வாய்ப்பு. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீயும் பார்த்துக்கொண்டிருந்தாய். காகித நாப்கினில் வீட்டை வரைந்து, எந்த உயரத்தில் எத்தனை கம்பி, எங்கே சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டும், சுண்ணாம்பை எப்படி உள்ளே செலுத்த வேண்டும் என்று சொன்னேன். என் பையனை என்னிடமிருந்து தூரமாகக் கொண்டுபோகும் வீட்டுக்கு நானே படம் போட்டுக் கொடுத்தேன்.

குளிர்காலம் முழுவதும் அந்த ஊர்ப் பக்கத்து என்ஜினியரோடு நான் வீடியோவில் பேசியதெல்லாம் உனக்குத் தெரியும். பொறுமையான பெண். நான் கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்டாலும் சலிக்காமல் பதில் சொன்னாள். கம்பிகள் போட்டாகிவிட்டது. முன்சுவரைக் கட்டியாகிவிட்டது. தகடுகளின் போட்டோக்களை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். நேரில் போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருந்தேன். அப்பாவின் முழங்காலால் முடியாமல் போயிற்று. அவளிடம், "வீடு பத்திரம்தானே?" என்று போன வாரம் கடைசியாக ஒரு தடவை கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "நீங்களும் என்ஜினியர். நீங்கள் அப்படி எழுதிக் கொடுப்பீர்களா?" என்றாள். எழுதிக் கொடுத்ததில்லை. இந்தப் பாலம் பத்திரம் என்று நான் ஒரு நாளும் எழுதியதில்லை. இவ்வளவு சுமை தாங்கும், மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அதனால் உன்னிடமும் அதையே கேட்கிறேன். மறுபடி மறுபடி பார். சுவரை மட்டும் சொல்லவில்லை. அங்கே உனக்கு ஆபீஸ் நண்பர்கள் பக்கத்தில் இல்லை, டேனியெலாவைத் தவிர உன் பேச்சு புரிகிறவர்கள் இல்லை. சண்டை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போக உனக்கு ஃப்ரீவே இல்லை. சின்ன விரிசலாக இருக்கும்போதே பேசிவிடுங்கள். அவள் ஊர் என்பதால் அவளுக்கு எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதே, அவள் அப்பா பட்ட பாட்டை நீ பார்த்தாய். நீங்கள் இரண்டு பேருமே அங்கே புதியவர்கள். அந்தக் கிழவர்களோடு உட்கார். அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேள். மதியம் கடை சாத்தும் நேரத்தில் அவசரப்படுத்தாதே. கட்டிலை உள்சுவர்ப் பக்கம் போடு, தலைக்கு மேல் அலமாரி வேண்டாம், ஷூவைக் கட்டிலுக்குக் கீழே வை. ஆடினால் எனக்குப் போன் பண்ணாதே. முதலில் டேனியெலாவோடு வெளியே வா, சதுக்கத்தில் போய் நில், உன் பெயர் கேட்டால் சொல். எல்லாம் முடிந்த பிறகு கூப்பிடு. நான் எடுப்பேன்.

நேற்றுச் சாயங்காலம் உன்னிடம் கேட்டேன், இதெல்லாம் தெரிந்தும் உனக்குப் பயமாக இல்லையா என்று. எப்போதும்போல ரிலாக்ஸ் என்பாய் என்று நினைத்தேன். நீ தமிழில் சொன்னாய், "பயமா இருக்கு. ஆனா போகணும்னு இருக்கும்மா." நானும் ஒரு காலத்தில் அதே இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். என் அப்பாவிடம் முதல் பாதியைச் சொன்னதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃபிராங்க் போன் செய்தார். நாளை விமான நிலையத்துக்கு அவர் தனியாகக் காரில் வருவதாக ஏற்பாடு. ஏதோ பெட்டியைப் பற்றிக் கேட்டார், மழை வருமா என்று கேட்டார், பிறகு போனை வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என்ன என்றேன். "போகும்போது ஓட்டிவிடுவேன். திரும்பி வரும்போது என்னால் ஓட்ட முடியுமா என்று தெரியவில்லை" என்றார். உங்கள் காரை வீட்டிலேயே விடுங்கள், எங்களோடு வாருங்கள் என்றேன். "அப்படியானால் திரும்பும்போது யார் ஓட்டுவது?" என்று கேட்டார். அப்பாவுக்கு முழங்கால். நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா